போதிகையைப் பார்த்தால் காலம் தெரியும்: திரையில் கட்டப்படும் சோழநாடு

கோயில் மண்டபத்துக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால், தூணின் தலைக்கும் உத்திரத்துக்கும் நடுவே இருபுறமும் கை நீட்டியதுபோல ஒரு கல் தெரியும். அதன் பெயர் போதிகை. புதுச்சேரியில் ஆசிரியராக இருந்த பிரெஞ்சு ஆய்வாளர் ழுவோ துப்ரேய், 1914-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த ஒரு உறுப்பை வைத்தே தமிழகக் கோயில்களுக்குக் காலவரிசை போட்டுக் காட்டினார். பல்லவர் காலத்தில் அது சுருள் சுருளாக மடிந்த வளைவு. சோழர் காலத்தில் சாய்வாக வெட்டப்பட்டு, நடுவில் ஒரு முனை துருத்திக்கொண்டு நிற்கும். விஜயநகரக் காலத்தில் அந்த முனை பூமொட்டாகிக் கீழ்நோக்கி வளையும். நாயக்கர் காலத்துக்கு வந்தால் வாழைப்பூவாகவே தொங்கும்.

இதைத் தெரிந்துகொண்டு ஒரு சோழர் காலப் படத்தையோ தொலைக்காட்சித் தொடரையோ பாருங்கள். அரசவைக் காட்சியில் கேமரா தூண்களை வருடிக்கொண்டு மேலே போகும்போது, பெரும்பாலும் வாழைப்பூ தொங்கும். தூணின் உடலில் யாளி முன்னங்காலைத் தூக்கிப் பாய்ந்துகொண்டிருக்கும். இரண்டும் கதை நடக்கும் காலத்துக்குப் பல நூறு ஆண்டுகள் பிந்தியவை.

கலை இயக்குநருக்குத் தெரியாமல் இது நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. செட் எப்படி உருவாகிறது என்பதில் பாதிக் காரணம் இருக்கிறது. தூண்களைத் தனித்தனியாக யாரும் செதுக்குவதில்லை. களிமண்ணில் ஒரு மாதிரி செய்து, அதிலிருந்து அச்சு எடுத்து, ஃபைபரிலோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸிலோ வார்த்து, மரச்சட்டத்தில் பொருத்தி, கல் நிறம் அடிப்பார்கள். நான்கைந்து அச்சு இருந்தால் நூறு தூண் நிறுத்தலாம். ஒரு படத்துக்குச் செய்த அச்சு, அடுத்த படத்துக்கும் அதற்கடுத்த தொடருக்கும் கைமாறும். அச்சுக்கு எந்தத் தூணைத் தேர்ந்தெடுப்பது என்று வரும்போது கேமரா குறுக்கிடுகிறது. சோழர் காலத் தூண் எளிமையானது. உருளை, சதுரம், எட்டுப்பட்டை என்று அடக்கமாக நிற்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் அது வெறுமையாகத் தெரியும். நாயக்கர் தூணில் குடைவு ஆழம், நிழல் விழும், பணம் செலவானது கண்ணுக்குத் தெரியும். தயாரிப்பாளர் செட்டைப் பார்க்க வரும் நாளில் எது வெல்லும் என்று சொல்லத் தேவையில்லை.

கோயில் தூணை அரண்மனைக்குள் கொண்டுபோனதே முதல் சிக்கல். சோழ அரண்மனை ஒன்றுகூட இன்று நிற்கவில்லை. தஞ்சையில் இன்று அரண்மனை என்று காட்டப்படுவது நாயக்கர், மராட்டியர் காலக் கட்டடம். கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அருகே மாளிகைமேட்டில் தமிழகத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கிடைத்தவை செங்கல் அடித்தளங்களும், கூரை ஓடுகளும், ஓடுகளைப் பொருத்திய இரும்பு ஆணிகளும். அதாவது செங்கல் சுவரும் மரத்தூணும் ஓட்டுக்கூரையும் கொண்ட மாளிகை. கருங்கல் கடவுளுக்கு, மரமும் செங்கல்லும் மனிதருக்கு என்பதுதான் அன்றைய வழக்கம். அரசனும் மனிதர் கணக்கில்தான் வருவான். ஆனால் மரமும் ஓடுமாக ஒரு மாளிகையைக் காட்டினால், பார்ப்பவர் அதைப் பேரரசின் தலைநகர் என்று நம்ப மறுப்பார் என்ற பயம் திரையுலகில் உண்டு. அதனால் 2022, 2023-இல் இரண்டு பாகமாக வந்த 'பொன்னியின் செல்வன்' படத்துக்குக்கூட ஓர்ச்சா, குவாலியர் போன்ற வடநாட்டுக் கோட்டைகளில் படப்பிடிப்பு நடந்தது. ஓர்ச்சா அரண்மனைகள் புந்தேல அரசர்கள் எழுப்பியவை. ராஜராஜனுக்கு 500 ஆண்டுகளுக்கு மேல் இளையவை.

தஞ்சைப் பெரிய கோயிலைக் காட்டும்போது நேரும் பிழை இன்னும் சுவையானது, ஏனென்றால் அங்கே அசலே கண்முன் நிற்கிறது. இன்று கோயிலுக்குள் நுழைபவர் பார்ப்பதில் கணிசமான பகுதி ராஜராஜன் பார்க்காதது. பெரிய நந்தியும் அதன் மண்டபமும் நாயக்கர் காலம். முருகன் சன்னதி நாயக்கர் காலம். பெரியநாயகி அம்மன் சன்னதி 13-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி. வெளியே உள்ள கோட்டைச் சுவரும் அகழியும் பிந்தியவை. விமானத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் கணினியில் அழித்தால்தான் 1010-ஆம் ஆண்டு கிடைக்கும். அப்படி அழித்த சட்டகம் ரசிகருக்குத் 'தஞ்சாவூர் மாதிரியே இல்லை' என்று தோன்றும். பார்வையாளருக்குப் பழகிய பிழையைத் திருத்தினால், திருத்தியதுதான் பிழையாகத் தெரியும்.

ராஜபார்ட்டின் வெல்வெட்

ஆடை விஷயத்தில் வம்சாவளி தெளிவாகவே இருக்கிறது. 1931-இல் தமிழ் பேசும்படம் தொடங்கியபோது நடிகர், பாட்டு, வசனம், திரைச்சீலை எல்லாமே நாடகக் கம்பெனிகளிலிருந்து வந்தன. ராஜபார்ட், அதாவது அரச வேடம் கட்டும் நடிகருக்கு வெல்வெட் அங்கி, ஜிகினா வேலைப்பாடு, தோளில் தொங்கும் மேலங்கி, கண்ணாடிக்கல் பதித்த கிரீடம். இந்த உடுப்பு பார்சி நாடகக் குழுக்களிடமிருந்து வந்தது; அவர்கள் பாதியை விக்டோரியா காலத்து ஆங்கில மேடையிலிருந்து எடுத்திருந்தார்கள். தெய்வ, அரசகுலப் பெண்களின் தோற்றத்தை 1890-களில் இருந்து வீடுதோறும் பரவிய ரவிவர்மா அச்சுப்படங்கள் தீர்மானித்தன. 'ராஜராஜ சோழன்' முதலில் டி.கே.எஸ். சகோதரர்கள் நடத்திய நாடகம், அரு. ராமநாதன் எழுதியது. 1973-இல் அது தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமானபோது திரை அகலமானதே தவிர, உடுப்பு மேடையிலேயே நின்றது. கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை தொடராக வந்த 'பொன்னியின் செல்வ'னுக்கு மணியம் வரைந்த ஓவியங்கள் இன்னொரு ஊற்று. வந்தியத்தேவன் என்றதும் இன்றைய வாசகருக்குத் தோன்றும் முகமும் தலைக்கட்டும் பெரும்பாலும் அவர் கைவண்ணம்.

மாற்றுச் சான்று இல்லாமலில்லை. பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் கால ஓவியங்கள் இருப்பதை 1931-இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அவற்றில் அரசகுலத்தவரும் அடியவரும் இடுப்புக்கு மேல் துணி இல்லாமல், கொண்டை முடிந்து, அணிகலன் பூண்டு நிற்கிறார்கள். இடையில் மெல்லிய துணி, அதன்மேல் பட்டிகை. பெண்களிலும் பலருக்கு மேலாடை கிடையாது. தையல் ரவிக்கை எங்கும் இல்லை. தைத்த ஆடையே தமிழருக்குத் தெரியாது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கஞ்சுகம் என்னும் தைத்த சட்டை அணிந்த அரசப் பணியாளர் சிலப்பதிகாரத்திலேயே வருகிறார்கள், மார்க்கச்சும் உண்டு. ஆனால் தைத்த சட்டை அன்று ஏவலரின் சீருடை. வெற்று மார்பில் பொன் அணிந்து அமர்வதுதான் உயர்வு. திரையில் இது தலைகீழாக மாறிவிட்டது: காவலாளி வெற்று மார்போடு ஈட்டி பிடிக்க, அரசன் ஐந்தடுக்குத் துணியில் வியர்த்துக்கொண்டிருப்பான்.

ரவிக்கையை யாரும் கைவிடப் போவதில்லை. தணிக்கை, நடிகையின் ஒப்புதல், குடும்பப் பார்வையாளர் என்று காரணம் நியாயமானது. விவரம் அறிந்த உடை வடிவமைப்பாளர்கள் முன்பக்கம் கச்சு போலவும் முதுகில் முடிச்சாகவும் அமைத்து, மேலே ஒரு மெல்லிய துணியைப் போர்த்தி ஒப்பேற்றுகிறார்கள். நல்ல சமரசம். ஆண்களுக்குக் கவசம் மாட்டுவதற்கு வேறொரு காரணம்: ரோப் சண்டைக் காட்சியில் உடம்பில் கட்டும் பட்டைகளை மறைக்கத் துணியோ கவசமோ வேண்டும், டூப் கலைஞரும் நாயகனும் ஒரே ஆள் மாதிரித் தெரியவும் அது உதவும். சோழப் படைவீரன் மார்பில் ரோமாபுரித் தகடு ஏறிய கதை இவ்வளவுதான்.

சமரசமே தேவைப்படாத இடத்தில் நடக்கும் பிழைதான் எரிச்சலூட்டும். சாயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று கிடைத்தவை சாயவேரின் சிவப்பு, அவுரியின் நீலம், மஞ்சள், இவற்றைக் கலந்து வரும் பச்சையும் பழுப்பும். கண்ணைப் பறிக்கும் ராணி பிங்க் நிறம் 1856-க்குப் பிறகு வந்த செயற்கைச் சாயத்தின் பிள்ளை. நூறு மீட்டர் துணியை அவுரியில் முக்கினால் செலவு அதிகம் ஆகிவிடாது. கடையில் எடுத்த ரெடிமேட் பட்டுத்துணியை விடக் குறைவாகவே ஆகும். நகையிலும் அதே கதை. சோழர் செப்புத் திருமேனிகளில் மூக்குத்தியைப் பொதுவாகக் காண முடியாது; திரையில் அரசி மூக்குத்தி இல்லாமல் வருவதில்லை. பொன் தகட்டில் கல் பதிக்கும் குந்தன் வேலை வடநாட்டு அரசவைக்கு உரியது. பட்டை தீட்டிய வைரம் பிந்தையது. அன்று வைரம் பெரும்பாலும் இயல்பான முகங்களோடேயே பதிக்கப்பட்டது.

இத்தனைக்கும் சோழர் நகையைப் போல எழுத்தில் பதிவான நகை வேறெதுவும் இருக்காது. ராஜராஜனும், தமக்கை குந்தவையும், அரசியரும் கொடுத்த ஒவ்வொரு அணியையும் பெரிய கோயில் கல்வெட்டு எடை போட்டுச் சொல்கிறது. பொன்னை 'ஆடவல்லான்' என்னும் கல்லால் நிறுத்தார்கள்; மணிகள் பதித்த நகைகளை 'தக்ஷிணமேரு விடங்கன்' என்னும் கல்லால் நிறுத்தார்கள். கழஞ்சு, அதில் இருபதில் ஒன்று மஞ்சாடி, அதில் பாதி குன்றி என்று கணக்கு இறங்கும். முத்தில் வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி என்று வகை பிரித்து எண்ணிக்கை தருவார்கள். உள்ளே வைத்த அரக்கின் எடையைக்கூட விடமாட்டார்கள். ஏகாவல்லி, காறை, வாளி, பட்டிகை, சூடகம், பாசமாலை என்று பெயர்ப்பட்டியலும் அங்கேயே இருக்கிறது. தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியை நகை வடிவமைப்பாளர் மேசையில் வைத்துக்கொண்டால், வேறு எந்தப் படத்தையும் பார்த்துப் போட வேண்டியதில்லை.

பழத்தட்டும் பின்னணி மரமும்

அரண்மனைப் பழத்தட்டில் அன்னாசி, பப்பாளி, கொய்யா இருந்தால் கதை 1498-க்கு முன்பு நடக்க முடியாது. மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் கப்பல்களில் வந்தவை. மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, முந்திரி, மக்காச்சோளம், நிலக்கடலை எல்லாம் அதே பயணிகள். சமையற்கட்டுக் காட்சியில் காரத்துக்கு மிளகு இடிப்பதே சரி. பூவிலும் கவனம் வேண்டும்: அலங்காரத் தோரணத்தில் தொங்கும் துலுக்கச் சாமந்தி மெக்சிகோவைச் சேர்ந்தது, மாடத்தில் படரும் காகிதப்பூ தென்னமெரிக்கா.

தட்டில் இருப்பதை எடுத்துவிடலாம். வெளிப்புறப் படப்பிடிப்பில் தொடுவானத்தை என்ன செய்வது? குதிரைப்படை புழுதி கிளப்பிக்கொண்டு பாயும் பொட்டல்காடு தமிழ்நாட்டில் எங்கே கிடைத்தாலும் அங்கே சீமைக் கருவேலம் நிற்கும். அது மத்திய, தென் அமெரிக்க மரம். சவுக்குத் தோப்பு, தைல மரம், சாலையோரக் குல்மோகர் எதுவுமே சோழநாட்டில் இருந்ததில்லை. பனை, தென்னை, ஆல், அரசு, இலுப்பை, புன்னை, மருதம் பின்னால் வரும்படி கோணம் வைப்பதுதான் மலிவான வழி. லொகேஷன் பார்க்கப் போகும் உதவி இயக்குநரிடம் தவிர்க்க வேண்டிய ஆறு மரங்களின் படத்தைக் கொடுத்தனுப்பினால், பின்னால் கிராஃபிக்ஸில் அழிக்கும் செலவு மிச்சம்.

விளக்கு இன்னொன்று. மெழுகுவர்த்திச் சரவிளக்கு ஐரோப்பிய அரண்மனைக்கு உரியது. சோழநாட்டு இரவு எண்ணெயிலும் நெய்யிலும் எரிந்தது. அதற்கும் கணக்கு இருக்கிறது. கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, நாளுக்கு ஓர் உழக்கு நெய்யில் எரிய 96 ஆடு கொடுத்ததாகத் தஞ்சைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. ஆடு சாகும், கிழமாகும். ஆனால் இடையர் எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்பதால் அவற்றுக்குச் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஒரு சுடருக்கு 96 ஆடு என்றால், நூறு தீபம் எரியும் நடன மண்டபத்துக்கு எத்தனை என்று பெருக்கிப் பார்க்கலாம். இருட்டு அன்று இயல்பானது, வெளிச்சம் விலை உயர்ந்தது. டிஜிட்டல் கேமரா குறைந்த ஒளியிலும் படமெடுக்கும் இந்தக் காலத்தில் அந்த இருட்டைத் தாராளமாகக் காட்டலாம்.

ஓலையும் எழுத்தும் குளோஸ் அப்பில் வரும்போதுதான் எழுத்தறிந்தவர் நெளிவார். தூதன் இருபுறமும் உருண்டைக் கட்டை வைத்த தோல்சுருளை விரிப்பான். மையில் தோய்த்து இறகால் எழுதியிருக்கும். ஓலையில் எழுத்தாணியால் கீறித்தான் எழுதுவார்கள். அகலம் இரண்டு மூன்று விரல்தான். சரி, ஓலையே வந்தாலும் எழுத்து? அன்றைய தமிழில் மெய்யெழுத்தின் மேல் புள்ளி பெரும்பாலும் இடப்படவில்லை. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் எழுத்தில் வேற்றுமை தெரியாது. கொம்பைச் சுழித்து அதைப் பிரித்தவர் 18-ஆம் நூற்றாண்டு வீரமாமுனிவர். இன்று நாம் எழுதும் 'ணா', 'றா', 'னை', 'லை' ஆகியவை 1978-இல் தமிழக அரசு ஏற்ற சீர்திருத்த வடிவங்கள். ராஜராஜன் கையில் இருக்கும் ஓலையில் எம்.ஜி.ஆர். காலத்து 'னை' இருப்பதைப் பல படங்களில் நிதானமாகப் படிக்கலாம். கல்வெட்டு எழுத்தை எழுதத் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர் உண்டு; ஒருநாள் கூலியில் தீரும் வேலை இது.

சான்று எங்கே, செலவு எங்கே

இதுவரை சொன்னவை பொருட்பிழைகள். கதையும் பேச்சும் வேறு வகை. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையை எடுத்துக்கொள்வோம். காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டு ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. 'பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளான' சோமன், ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராஜன், பரமேஸ்வரனான இருமுடிச்சோழ பிரமாதிராஜன் ஆகியோரின் உறவினர் சொத்தைப் பறிமுதல் செய்யும் ஆணை பற்றி அது பேசுகிறது. எதற்காகக் கொன்றார்கள், எப்படிக் கொன்றார்கள், பின்னால் யார் என்று ஒரு சொல் இல்லை. அந்த மௌனத்தில்தான் 'பொன்னியின் செல்வன்' நாவல் நந்தினியைப் படைத்தது. அவள் முழுக்கக் கற்பனை. வந்தியத்தேவன் உண்மை, ஆனால் பெரிய கோயில் கல்வெட்டில் அவன் குந்தவையின் கணவன் என்ற அளவில் மட்டுமே தென்படுகிறான்: 'வல்லவரையர் வந்தியதேவர் மகாதேவியார்'. நாவலாசிரியர் செய்தது முறையான வேலை. கல்வெட்டு விட்ட இடத்தை நிரப்புவது எழுத்தாளனின் உரிமை. தொல்லை அதைப் பார்த்தவர்களிடம் தொடங்குகிறது. நந்தினியின் ஊர் எது என்று தேடிக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

கப்பலும் அப்படித்தான். ராஜராஜனின் மகன் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தி (கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் புகழ்ப்பாட்டு) 'அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி' என்கிறது. கடாரத்தின் (இன்றைய மலேசியாவின் கெடா) மீது படையெடுப்பு நடந்தது 1025 வாக்கில். எத்தனை கலம், என்ன நீளம், எத்தனை பாய்மரம் என்று சொல்லும் சான்றில்லை. திரையில் வருவது பெரும்பாலும் போர்ச்சுகீசியக் கப்பலுக்குப் புலி முகம் வைத்தது. கோடிகளைக் கொட்டுவது இங்கேதான். அரண்மனை, கப்பல், அந்தப்புரக் காதல், சதி என்று சான்று மெலிந்த இடங்களில் செலவு பெருகுகிறது. நில அளவை, கணக்கு, ஊர்ச்சபை, நீர்ப் பங்கீடு என்று சான்று கொட்டிக் கிடக்கும் இடங்களில் கேமராவே போவதில்லை. சரித்திரப் படங்களைப் பற்றிய பெரும்பாலான சண்டைகள் இந்தக் கோணலைக் கவனிப்பதில்லை. ராஜராஜன் இந்துவா என்று 2022-இல் எழுந்த சர்ச்சையில் எத்தனையோ பேர் பேசினார்கள். அவன் தன்னைச் சிவபாதசேகரன் என்று அழைத்துக்கொண்டதும், நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்துக்கு ஊர் கொடுத்ததும் ஒரே ஆளின் ஆவணங்களில் இருக்கின்றன. அந்த இரண்டாவது ஆவணத்தைப் படித்தால் ஒரு முழுக் காட்சியே கிடைக்கும். அதற்குக் கடைசியில் வருவோம்.

நினைவின் மீது படம் எவ்வளவு அழுத்தமாகப் பதியும் என்பதற்குச் சோழரை விடக் கட்டபொம்மன் நல்ல எடுத்துக்காட்டு. 1959-இல் பி.ஆர். பந்துலு இயக்கிய 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்துக்காக சிவாஜி கணேசன் கெய்ரோ விழாவில் சிறந்த நடிகர் விருது பெற்றார். ஜாக்சனோடு நேருக்கு நேர் மோதும் வசனம் பள்ளி ஆண்டுவிழாக்களில் இன்றும் ஒலிக்கிறது. ஆவணத்தில் உள்ள நிகழ்வு வேறு மாதிரி. கலெக்டர் ஜாக்சன் 1798-இல் கட்டபொம்மனைச் சந்திப்பதாகச் சொல்லிவிட்டு, ஊர் ஊராக அலையவிட்டு, செப்டம்பரில் இராமநாதபுரத்தில்தான் பார்த்தார். அங்கே நடந்த கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் இறந்தார், கட்டபொம்மன் தப்பினார், அவருடைய செயலர் சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். பிறகு சென்னை அரசு விசாரணைக் குழு அமைத்தது. குற்றம் கலெக்டர் நடத்தையில் என்று கண்டு ஜாக்சனை விலக்கி, லஷிங்டனை அமர்த்தியது.

அலைக்கழிப்பு, காத்திருப்பு, அவமானம், விசாரணை, அதிகாரி பதவி இழப்பு: இதுவும் நாடகம்தான், அதிகாரவர்க்கத்தின் நாடகம். ஒரு வீர வசனம் அந்த மொத்தத்தையும் விழுங்கிவிட்டது. ஜாக்சன் சரளமாகத் தமிழ் பேசுவதும், கட்டபொம்மன் அடுக்குமொழியில் பதிலளிப்பதும் 20-ஆம் நூற்றாண்டு மேடைத்தமிழின் சாதனை. கம்பெனியின் பேச்சுவார்த்தைகள் துபாஷிகள் என்னும் மொழிபெயர்ப்பாளர்கள் வழியாகவே நடந்த காலம் அது. கட்டபொம்மன் வீட்டுமொழியோ தெலுங்கு. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் அவர் தூக்கிலிடப்பட்டார். அவரைப் பிடித்து ஒப்படைத்தவர்கள் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள். ஆனால் துரோகத்துக்குத் தமிழில் நிலைத்த பெயர் எட்டயபுரத்தாருடையது. இதற்குப் படம் மட்டும் காரணமில்லை, கதைப்பாடல்கள் முன்பே இருந்தன. படம் அதற்கு முகம் கொடுத்தது.

தொலைக்காட்சியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நாள்தோறும் ஒளிபரப்பாகும் தொடருக்கு ஒரு மண்டபம், இரண்டு அறை, ஒரு தோட்டம் போதும்; எல்லா வம்சமும் அங்கேயே ஆட்சி செய்யும். விதிவிலக்காக ஒன்று: 1988-இல் தூர்தர்ஷனில் ஷியாம் பெனகல் 53 பகுதிகளாக எடுத்த 'பாரத் ஏக் கோஜ்'. வரலாற்றாசிரியர்களின் துணையோடு, கதைசொல்லியை இடையில் நிறுத்தி, நாட்டார் நாடக வடிவங்களைக் கலந்து, 'இது நாங்கள் சொல்லிக் காட்டுவது' என்பதை ஒளிக்காமல் எடுத்தார்கள். செட் எளிமையாக இருந்தும் நம்பகம் குறையவில்லை. படத் தொடக்கத்தில் 'அனைத்தும் கற்பனையே' என்று இரண்டு வினாடி ஓடும் அறிவிப்பு வழக்குக்குப் பயந்து போடுவது. இதோடு அதை ஒப்பிட முடியாது.

இனி அந்த ஆவணம். ஆனைமங்கலச் செப்பேடு என்றும், நெதர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்ததால் லெய்டன் செப்பேடு என்றும் சொல்வார்கள். வளையத்தில் கோத்த 21 ஏடுகள். ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் எடுத்த சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை ராஜராஜன் கொடுத்த கதை அதில் இருக்கிறது. நேரம் குறித்தே தொடங்குகிறது: ஆட்சியாண்டு 21, நாள் 92. இடம்: தஞ்சாவூர்ப் புறம்படி மாளிகை, ராஜாஸ்ரயன் என்ற கட்டடத்தின் தெற்கு மண்டபம். அரசன் வாயால் சொல்கிறான்; அதற்குத் திருவாய்க்கேள்வி என்று பெயர். திருமந்திர ஓலை எழுதுபவர் எழுதுகிறார். ஓலைநாயகங்கள் என்னும் மேலதிகாரிகள் ஒப்பு நோக்கிக் கையெழுத்திடுகிறார்கள். பிறகு புரவுவரித் திணைக்களம் என்னும் வரித்துறையினரும் வரிப்பொத்தகம் வைத்திருப்பவரும் பட்டோலை எழுதுபவரும் கூடி, பழைய பதிவேட்டில் ஊரின் கணக்கைத் திருத்துகிறார்கள். வேலி என்பது அன்றைய நில அளவு; 97 வேலியும் சொச்சமுமான நிலம். அந்தச் சொச்சம் மா, காணி, முந்திரி என்று கீழே இறங்கிக்கொண்டே போகும். வேலியில் 320-இல் ஒன்று முந்திரி, அதற்குக் கீழேயும் போகும். காணிக்கடன் என்னும் நிலவரி நெல் 8,943 கலத்துக்கு மேல், கடைசி ஒரு நாழிவரை.

ஓலை ஊருக்கு வருகிறது. நாட்டார், அதாவது அந்த வட்டாரச் சபையினர், எதிர்கொண்டு போய்த் தொழுது வாங்கித் தலைமேல் வைக்கிறார்கள். ஒரு பெண் யானையை ஊரெல்லையைச் சுற்றி நடத்துகிறார்கள். அது போன வழியே எல்லை. வாய்க்கால், வரப்பு, பக்கத்து ஊர் எது என்று திசை திசையாகச் சொல்லச் சொல்ல எழுதுகிறார்கள். கல்லையும் கள்ளிச்செடியையும் நட்டு அடையாளம் வைக்கிறார்கள். அறவோலை என்னும் கொடைப் பத்திரம் எழுதிக் கையெழுத்திடுகிறார்கள். செப்பேட்டில் வெட்டி நிலைப்படுத்தும் முன் ராஜராஜன் இறந்துவிட, மகன் ராஜேந்திரன் அதை நிறைவேற்றுகிறான்.

கடல் கடந்த அரசன் ஒருவன், சைவச் சக்கரவர்த்தி ஒருவன், புத்தப் பள்ளி ஒன்று, வயலில் யானைக்குப் பின்னால் நடக்கும் உழவர்கள், கணக்கில் ஒரு முந்திரி தப்பினாலும் விடாத எழுத்தர்கள் எல்லாம் ஒரே காட்சிக்குள் வந்துவிடுகிறார்கள். வசனம் எழுதக்கூட வேண்டாம். அன்றைய அலுவலகத் தமிழ் அப்படியே இருக்கிறது. தேவைப்படுவது மரத்தூண் வைத்த ஒரு மண்டபம், பத்து எழுத்தாணி, சில கட்டு ஓலை, அறுவடைக்கு முந்தைய டெல்டா வயல், சீமைக் கருவேலம் தெரியாத ஒரு கோணம். பிறகு அந்தப் பெண் யானை. அதற்கு விலங்குநல வாரியத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்; வாங்க முடியாவிட்டால் கிராஃபிக்ஸ். மொத்தச் செலவில் பெரியது அதுவாகத்தான் இருக்கும்.